வெளிச்சக்கூடு எரிந்த ஞாயிற்றுக்கிழமை

கண்டாவளை
03.11.2024

அன்புள்ள நிரோஜா,

உனக்குப் போன் எடுத்து எடுத்துக் களைத்துவிட்டேன். மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. வட்ஸப்பில் அனுப்பியதையும் நீ திறந்து பார்க்கவில்லை. கடைசியாக யாருக்குக் கடிதம் எழுதினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. ஆனால் தபாலில் வந்த ஒன்றை நீ பிரிக்காமல் வைக்கமாட்டாய் என்று முன்பள்ளியில் ஒன்றாகப் படிப்பித்த நாளிலிருந்து தெரியும், அதனால் எழுதுகிறேன்.

யதுவின் கை எப்படி? அன்றைக்கு உங்களை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்த இவர், "உள்ளங்கையிலதான் கூடச் சுட்டிருக்கு, விரல் தப்பிட்டுது" என்று சொன்னார். நானும் உன்னோடு அந்த ஓட்டோவில் ஏறி வந்திருக்கவேண்டும். வீடு முழுக்கச் சனம். சமைத்த சோறு அப்படியே கிடந்தது. கனடாவில் இருந்து வந்த சிவதர்சினி மச்சாளின் சேலைத் தலைப்பில் நெருப்புப் பட்டு, அவா கதிரையில் இருந்து நடுங்கிக்கொண்டிருந்தா. மகளின் சேலையில் நெருப்பைக் கண்ட மாமாவை ஆறுதல்படுத்த ஒருவருமில்லை. இதெல்லாம் காரணமா என்று நீ கேட்கலாம். வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த நாளை நான் எவ்வளவு ஆசையாக ஒழுங்குசெய்தேன் என்று உனக்குத் தெரியும். கனடாவில் நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் உறவுக்காரரும் சிநேகிதரும் ஒரு வீட்டில் கூடி, கத்தரிக்கோலும் பசையுமாக இருந்து அலங்காரச் சாமான்கள் செய்வார்களாம். மச்சாள் வந்து இறங்கியதும் அதைத்தான் சொன்னா. "நாங்கள் இஞ்ச தீபாவளிக்குச் செய்வம் அருந்ததி, உம்மட வீட்டில வைப்பம்." உம்மட வீட்டில் என்று அவா சொன்னதே எனக்குப் பெரிய விஷயம். வெளிச்சக்கூட்டுக்கு ஒட்ட ரிசூக் கடதாசி வாங்க நானே கிளிநொச்சிக்குப் போனேன். ஈர்க்கும் மூங்கில் சிலாகையும் இவர் வெட்டித் தந்தார். உன்னையும் யதுவையும் முதல் நாளே வந்து நிற்கச் சொன்னேன். நீங்கள் வந்திருக்காவிட்டால் என்று இப்போது நினைக்கிறேன். நினைத்து என்ன.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். இங்கே ஒருவருக்கும் பிள்ளைமேல் கோபமில்லை. மாமா ஆத்திரத்தில் ஏதோ சொன்னார், அதை விடு. நான் அன்றைக்கே எல்லாருக்கும் முன்னால் சொன்னேன்தானே, "பிள்ளையள்தானே, தெரியாமல் செய்துபோட்டுது, விடுங்கோ" என்று. அதோடு அது முடிந்துவிட்டது.

யதுவுக்கு ஒரு சட்டை அனுப்புகிறேன். தீபாவளிக்கென்று எடுத்து வைத்தது. கை நீளமில்லாதது, கட்டோடு போடச் சுகமாக இருக்கும். இன்னொரு விஷயமும் எழுத நினைத்தேன். பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
அருந்ததி அக்கா


பூவரசங்குளம்
12.11.2024

அருந்ததி அக்காவுக்கு,

கடிதமும் சட்டையும் கிடைத்தன. போன் எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லை அக்கா. வெட்கம். உங்கள் குரலைக் கேட்டால் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

கைக்கு வவுனியா ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிறோம். கொப்புளம் உடைந்து புதுத் தோல் வருகிறது. விரலை மடக்கி நீட்டிப் பழக்கவேண்டும், இல்லாவிட்டால் தோல் இழுத்துப் பிடித்துவிடும் என்று டொக்டர் சொன்னார். அவளுக்கு நோகிறது. ஆனாலும் நான் பிடித்து மடக்க விடுகிறாள் இல்லை. தானாகத்தான் மடக்குகிறாள். பள்ளிக்கூடத்தில் இடது கையால் எழுதுகிறாள்.

நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். அத்தனை பேர் நாள் முழுக்க இருந்து செய்த கூடுகள், உங்கள் ஹோல் யன்னல் சீலைகள், மச்சாளின் சேலை, எல்லாவற்றுக்கும். சேலைக்கு நான் ஒன்றும் செய்யமுடியாது. யன்னல் சீலையைத் தைத்து அனுப்புவேன். அகலமும் நீளமும் எழுதிவிடுங்கள். உங்கள் வீட்டு ஆட்களுக்கு முன்னால் பிள்ளை ஒழுங்காக இருக்கவேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். "ஒண்டிலயும் கை வைக்கக்கூடாது, கேட்டுத்தான் எடுக்கோணும்." ஓம் ஓம் என்று தலையாட்டினாள்.

இதை யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருக்கிறது, உங்களைத் தவிர ஆளில்லை. நான் ஓடிவந்து பார்த்தபோது அவள் கருகின கடதாசிகளுக்கு நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். "ஆர் கொளுத்தினது?" என்று மச்சாள் கேட்டா. எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். நீங்கள் அப்படிச் சொன்னீர்கள். அதற்குப் பிறகு மாமா, "இனி இந்தப் பிள்ளையை இஞ்ச கூட்டிவராதை" என்றார். நான் போய்க் கன்னத்தில் அடித்தேன். அடித்த பிறகுதான் அவள் கையை முன்னால் கொண்டுவந்தாள். அதற்குப் பிறகுதான் கையைக் கண்டேன்.

ஒரு தடவைதான் சொன்னாள், "நான் கொளுத்தேல்லை அம்மா." நான் "வாயை மூடு" என்றேன். மூடிவிட்டாள். ஓட்டோவில் அழவில்லை, ஊசி போடும்போதும் அழவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தேவையான சொல்லை மட்டும்தான் தருகிறாள். "ஓம்." "வேண்டாம்." "சாப்பிட்டன்." தகப்பன் வேலையால் வந்தால் அவரோடு கதைக்கிறாள். நான் உள்ளே போனால் கதை நின்றுவிடுகிறது. செய்ததையும் செய்துவிட்டு, பொய்யும் சொல்லிவிட்டு, என்னோடு கோபம் வேறு என்று முதல் கிழமை நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவும் முடியவில்லை. எரிந்த கையோடு நின்ற பிள்ளையை அடித்தவள் நான்.

அன்றைக்கு அந்த வீட்டில் அவளுக்காக ஒரு வார்த்தை சொன்னது நீங்கள் மட்டும்தான். அதை மறக்கமாட்டேன் அக்கா.

நிரோஜா


கண்டாவளை
19.11.2024

நிரோஜா,

யன்னல் சீலை ஒன்றும் தைக்காதே. அளவு அனுப்பமாட்டேன். கடையில் வாங்கிப் போட்டாயிற்று.

உன் கடிதத்தைக் குசினியில் நின்று வாசித்தேன். வாசித்து முடித்ததும் அங்கேயே நின்றேன். சோறு அடிப்பிடித்த மணம் வந்தபிறகுதான் அசைந்தேன்.

எனக்கு நன்றி என்று எழுதாதே. அதை மட்டும் எழுதாதே.

யதுவை இனி அதைப் பற்றி ஒன்றும் கேட்காதே, பேசாதே, அடிக்காதே. அவள் பொய் சொல்லுகிற பிள்ளை இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். வீட்டில் அவ்வளவு பேர் வந்து போனார்கள். மெழுகுதிரி மேசையில் கிடந்தது, நெருப்புப்பெட்டியும் கிடந்தது. யாரும் கொளுத்தியிருக்கலாம். காத்தாடி வேறு சுழன்றுகொண்டிருந்தது. பிள்ளைதான் செய்தது என்று கண்டவர் ஒருவருமில்லையே. இதை நீ அவளுக்குச் சொல்லலாம். பெரியம்மா உன்னைப் பிழையாக நினைக்கவில்லையாம் என்று சொல்.

மச்சாள் கனடாவுக்குப் போய்விட்டா. அடுத்த மாதம் கார்த்திகை விளக்கீடு வருகிறது. நீயும் யதுவும் வந்து நில்லுங்கள். மாமா ஒன்றும் சொல்லமாட்டார், நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்றைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது.

அருந்ததி


பூவரசங்குளம்
30.11.2024

அருந்ததி அக்காவுக்கு,

மழையால் தபால் பிந்தித்தான் வந்தது. எங்கள் ஒழுங்கை முழுக்கத் தண்ணீர். பள்ளிக்கூடமும் இல்லை. வீட்டுக்குள்ளேயே எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதவேண்டி வந்தது என்றும் சொல்லலாம்.

உங்கள் கடிதத்தை யதுவின் அப்பா தர்ஷனுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் மேசன் வேலைக்குப் போகிறவர், கடிதம் கிடிதம் என்று அக்கறைப்படமாட்டார். ஆனால் ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். "திருப்பி வாசி. 'நினைக்கிறேன்'னு எதுக்குப் போட்டிருக்காங்க? தெரியும்னா தெரியும்னு சொல்லணும், தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லணும்." பிறகு, "புள்ள பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல. நீ அவகிட்ட ஒருக்காவாவது கேட்டியா?" என்றார்.

நான் கேட்கவில்லை அக்கா. ஒரு மாதமாகிறது, நான் ஒரு தடவையும் கேட்கவில்லை. வைதேன், மருந்து போட்டேன், சோறு குழைத்துக் கொடுத்தேன், என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

பின்னேரம் அவள் கதவடியில் இருந்து மழையைப் பார்த்துக்கொண்டு விரலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன். "அந்த மெழுகுதிரியை ஆர் கொளுத்தினது யது?" என்று கேட்டேன். என்னைப் பார்க்கவில்லை. விரலைத்தான் பார்த்தாள்.

"பெரியம்மா."

"நீ கண்டனியா?"

"நான் பக்கத்தில நிண்டனான். தன்ர பெரிய கூடு எப்பிடித் தெரியுதெண்டு பாப்பமெண்டு கொளுத்தினவா. பிறகு சோறு போடக் கூப்பிட்டவை. 'பாத்துக்கொள்ளம்மா, வாறன்' எண்டிட்டுப் போனவா. நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

"பிறகு ஏனம்மா நீ அங்க சொல்லேல்லை?"

"பெரியம்மா சொல்லுவா எண்டு நினைச்சன்."

அவ்வளவுதான் சொன்னாள். அவள் எழும்பிப் போனபிறகும் நான் அங்கேயே இருந்தேன்.

அக்கா, நான் உங்களிடம் நேராகக் கேட்கிறேன். இது உண்மையா இல்லையா? யாரும் கொளுத்தியிருக்கலாம், காத்தாடி சுழன்றது என்றெல்லாம் எழுதவேண்டாம். ஓமா, இல்லையா?

இதையும் எழுதிவிடுகிறேன், பிறகு எழுதத் தைரியம் வராது. அன்றைக்கு அந்த ஹோலில் உங்கள் உறவுக்காரரின் பிள்ளைகளும் ஓடித் திரிந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒன்று அங்கே நின்றிருந்தால், நெருப்பு எப்படிப் பிடித்தது என்றுதான் முதலில் கேட்டிருப்பார்கள். என்னுடைய பிள்ளை நின்றாள், யார் கொளுத்தினது என்று கேட்டார்கள். கேட்கும்போதே பதிலும் தெரிந்திருந்தது. எங்கள் பாட்டன் பூட்டன் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள், எங்களுக்கு வளர்ப்புப் போதாது என்று யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எனக்கு அதைவிட நோகிறது என்னவென்றால், நானும் உடனே நம்பிவிட்டேன்.

நிரோஜா


கண்டாவளை
05.12.2024

நிரோஜா,

ஓம். நான்தான்.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு அடுத்த வரிக்கு வர இவ்வளவு நேரம் எடுத்தது. யது சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அவளுக்குத் தெரியாத மிச்சத்தை நான் சொல்கிறேன்.

எல்லாரும் சாப்பிடப் பின்பக்கம் போய்விட்டார்கள். என்னுடைய பெரிய கூட்டை யன்னலடியில் தூக்கிக் கட்டியிருந்தேன். ஆறு மூலை வைத்து, சிவப்பும் மஞ்சளுமாக ஒட்டினது. அதை மற்றவர்கள் பார்க்கமுதல் நான் ஒருக்கால் எரியவிட்டுப் பார்க்கவேண்டும் என்று ஒரு ஆசை. யது கீழே இருந்து தன்னுடைய சின்னக் கூட்டுக்கு வால் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் கொளுத்தியதும் நிமிர்ந்து பார்த்து, "வடிவாக் கிடக்கு பெரியம்மா" என்றாள். அதற்குள் மச்சாள் கூப்பிட்டுவிட்டா. அணைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஒரு நிமிஷம் என்றுதான் போனேன். பிறகு அப்பளம், பாயசம், தண்ணீர் என்று நின்றுவிட்டேன். கூடு ஞாபகத்திலேயே இல்லை. பின்பக்கம் பாட்டுப் பெட்டி சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளை கூப்பிட்டிருப்பாள். கட்டாயம் கூப்பிட்டிருப்பாள். எனக்குக் கேட்கவில்லை.

மேசை நிறையக் கடதாசி கிடந்தது உனக்குத் தெரியும். எரிகிற கூடு அதில் விழுந்திருந்தால் மேசையோடு முகட்டையும் பிடித்திருக்கும். அவள் எட்டிப் பிடித்து இழுத்து நிலத்தில் போட்டு மிதித்திருக்கிறாள். அதனால்தான் கீழே கிடந்த கூடுகளோடும் யன்னல் சீலையோடும், அதை இழுத்து விழுத்தப் போன மச்சாளின் சேலைத் தலைப்போடும் நின்றது. வீட்டைக் காப்பாற்றினது உன்னுடைய பிள்ளை. நான் பார்த்துக்கொள் என்று சொன்னபடியால்தான் அந்த இடத்தை விட்டுப் போகாமல் நின்றாள்.

இந்த வீட்டில் எனக்கு மறதிக்காரி என்று பெயர். கலியாணம் முடித்து வந்த புதிதில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய், குசினிச் சுவர் கருகிவிட்டது. மகன் நிருஷன் பிறந்து இப்போது ஏழாம் வகுப்பு, இன்னும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். மாமா படுக்கப் போகுமுன் அடுப்பை இப்போதும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் போவார். "ஆர் கொளுத்தினது?" என்று மச்சாள் கேட்டபோது என் நெஞ்சுக்குள் அந்தச் சிரிப்புத்தான் கேட்டது. வாயைத் திறந்தேன். நான்தான் என்று சொல்லத்தான் திறந்தேன், நிரோஜா. எல்லாரும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வாயிலிருந்து வந்தது அது. பிள்ளைகள்தானே, விடுங்கள். நான் செய்ததை அவள் தலையில் வைத்து, அதை நானே மன்னித்தும் விட்டேன். அதைத்தான் நீ மறக்கமாட்டேன் என்று எழுதியிருந்தாய்.

அவள் அப்போது என்னைப் பார்த்தாள். கோபமாக அல்ல. நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை, மிச்சம் வரும் என்பது போல.

நேற்று இவரிடம் சொன்னேன். "இனிச் சொல்லி என்ன வரப்போகுது, அவைக்கு மட்டும் சொல்லிப்போட்டு விடும்" என்றார். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. நான் பூவரசங்குளத்துக்கு வருகிறேன். உன் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். எப்போது வரலாம் என்று சொல்.

அருந்ததி


பூவரசங்குளம்
09.12.2024

அருந்ததி அக்காவுக்கு,

இப்போது வரவேண்டாம்.

கடிதத்தை வாசித்துக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். கிழிக்கவில்லை. கோபம் இருக்கிறது, ஆனால் அதில் பாதி எனக்கு மேல். அதை எப்படிப் பிரிப்பது என்று தெரியவில்லை. இரண்டு வருஷம் ஒரே முன்பள்ளியில் படிப்பித்தோம். ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையைக் கிள்ளிவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் இருத்தி, இரண்டு பேரையும் கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்வீர்கள். அந்த அக்காவை நம்பித்தான் நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

என் காலில் விழுந்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவளைக் குற்றவாளியாக்கினது அத்தனை பேருக்கு முன்னால். எனக்கு மட்டும் கடிதத்தில் சொன்னால் அவர்களுக்கு அவள் இன்னும் அந்த வீட்டைக் கொளுத்தின பிள்ளைதான். நாளைக்கு எங்கேயாவது ஒரு கலியாண வீட்டில் கண்டால், இதுதானே அந்தப் பிள்ளை என்பார்கள். எங்கே சொன்னீர்களோ அங்கே போய்ச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வாருங்கள்.

நான் யதுவிடம் உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அது நீங்கள் சொல்லவேண்டியது.

நிரோஜா


கண்டாவளை
15.12.2024

நிரோஜா,

சொல்லிவிட்டேன்.

விளக்கீட்டன்று பின்னேரம் அதே ஆட்களைக் கூப்பிட்டேன். போன முறை கூடு எரிந்துபோனது, இந்த முறை எல்லாரும் சேர்ந்து வாசலுக்குப் பந்தம் சுற்றி, விளக்குத் தட்டுக்குக் கடதாசிப் பூச் செய்வோம் என்று சொல்லிக் கூப்பிட்டேன். பெரிய மாமி வீட்டார், பக்கத்து வளவு சுமித்திரா, இவரின் சிநேகிதர் நிஷாந்தனும் மனைவியும், எல்லாரும் வந்தார்கள். மச்சாளுக்குக் கனடாவில் அப்போது காலை. நிருஷன் போனைக் கதிரையில் சாத்தி வைத்து அவாவையும் வீடியோவில் எடுத்தான். மேசையில் கடதாசியும் பசையும் இருந்தன. ஒருவரும் இன்னும் கத்தரிக்கோலைத் தொடவில்லை. நான் எழும்பி நின்றேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"தீபாவளிக்கு முதல் இஞ்ச நெருப்புப் பிடிச்சது நிரோஜான்ர பிள்ளையால இல்லை. நான்தான் கொளுத்தினனான். பிள்ளையைப் பாக்கச் சொல்லிப்போட்டு வந்து மறந்துபோனன். அது கையால இழுத்து விழுத்தி நெருப்பை நூத்தது. நான் உங்களுக்கு முன்னால அந்தப் பிள்ளை செய்ததெண்டு சொன்னன்."

இப்படித்தான் சொன்னேன். முதல் நாள் இரவே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இல்லாவிட்டால் நான் எங்கேயாவது வளைத்துவிடுவேன் என்று எனக்கே என்னில் பயம்.

பிறகு என்ன நடந்தது என்று நீ நினைக்கிறாய்? பெரிய மாமி சிரித்தா. "அட, இவ்வளவுதானே பிள்ளை. இதுக்கே இப்பிடி நடுங்கிறாய்?" சுமித்திரா என் தோளைத் தடவினாள். மச்சாள் போனில், "விடும் அருந்ததி, சேலைதானே, மனசில வச்சிருக்காதையும்" என்றா. இரண்டு நிமிஷம் போகவில்லை, எல்லாரும் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்கள். நான் பயந்து பயந்து செத்த அந்தச் சிரிப்பு, இவ்வளவு லேசாக, என்னைத் தூக்கி வைத்துக்கொள்கிற மாதிரி வந்தது. அதே ஹோலில் அதே ஆட்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அன்றைக்கு அதில் கொஞ்சம்கூடக் கிடைக்கவில்லை. சொல்லிவிட்டால் நெஞ்சுப் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை, நிரோஜா. அவர்கள் என்னை மன்னித்த வேகத்தைப் பார்த்தபிறகுதான் நான் செய்தது எனக்கு முழுதாக விளங்கியது.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு முன்னால் வைத்த தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. "அந்தப் பிள்ளையை இனிக் கூட்டிவராதை எண்டு நான்தானே சொன்னது" என்றார். யாருக்கும் அல்ல, தனக்குத்தான். பிறகு என்னைப் பார்த்து, "நீ போகேக்க நான் சொன்னதையும் பிழை எண்டு சொல்லு. இல்லை, வேண்டாம். நானும் வாறன்" என்றார். அவருக்கு மூட்டு வருத்தம், பஸ் ஏறமுடியாது. இவர் வாகனம் பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீ சொன்னதைச் செய்துவிட்டேன் என்பதற்காக இதை எழுதவில்லை. நீ இப்போதும் வரவேண்டாம் என்றால் வரமாட்டேன். யதுவுக்கு விருப்பமா என்று கேள். அவள் வேண்டாம் என்றால் அதுதான் பதில்.

அருந்ததி


பூவரசங்குளம்
02.01.2025

அருந்ததி அக்காவுக்கு,

யது 'வரட்டும்' என்றதைப் போனில் சொல்லி, நீங்களும் மாமாவும் வந்து போனபிறகு உடனே எழுதவேண்டும் என்று இருந்தேன். நத்தார் லீவில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் இங்கேதான். வீடு அடங்கவில்லை.

நீங்கள் போகும்போது, பிள்ளை வேறொன்றும் சொல்லவில்லையே என்று கண் கலங்கினீர்கள். நீங்கள் படலையைத் தாண்டியபிறகு அவள் சொன்னதை உங்களுக்குச் சொல்லாமல் விடக்கூடாது.

உங்களுக்கு முன்னால் அவள் ஒரு கேள்விதான் கேட்டாள், "அண்டைக்கு ஏன் பெரியம்மா சொல்லேல்லை?" நீங்கள் "பயத்தில பிள்ளை" என்றீர்கள். வேறு காரணம் ஒன்றும் அடுக்கவில்லை. அதற்கு அவள் "எனக்கும் பயமாத்தான் இருந்தது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நீங்கள் அதை உங்களைக் குத்திக் காட்டினது என்று எடுத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் எடுத்தேன். வாகனம் போனபிறகு வந்து கேட்டாள், "பெரியாக்களுக்கும் பயம் வருமா அம்மா?" வரும் என்றேன். "அந்தத் தாத்தாவும் பயத்திலயோ என்னை ஏசினவர்?" என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன். மாமா அவளுடைய கையைத் தன் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அப்போது அவள் இழுத்துக்கொள்ளவில்லை, கவனித்தீர்களா? நான் தொட்டால் இழுத்துக்கொள்வாள்.

அன்றைக்கு இரவு நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு தாய் பிள்ளையிடம் கேட்டு எங்கள் வீட்டில் நான் கண்டதில்லை. எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. பாயில் பக்கத்தில் படுத்துக்கொண்டு, முகட்டைப் பார்த்தபடி, "உன்னை அடிச்சது பிழை யது. நீ சொன்னதைக் கேக்காதது அதைவிடப் பிழை" என்றேன். நித்திரையாகிவிட்டாள் என்று நினைத்தேன்.

பிறகு சொன்னாள், "பெரியம்மா எல்லாருக்கும் முன்னால சொன்னவா எண்டு தாத்தா சொன்னவர்."

"ஓம்."

"நீங்களும் எல்லாருக்கும் முன்னாலதான் அடிச்சனீங்கள்."

உங்களுக்கு நான் கடிதத்தில் அவ்வளவு துணிவாக எழுதினேன். எங்கே சொன்னீர்களோ அங்கே போய்ச் சொல்லுங்கள் என்று. அந்த வரியை எழுதும்போது அது எனக்கும் பொருந்தும் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. வீட்டுக்குள் பாயில் படுத்துக்கொண்டு காதுக்குள் சொல்லி முடித்துவிடலாம் என்று இருந்தேன்.

பொங்கலுக்கு முதல் ஞாயிறு பந்தலுக்குத் தோரணம் பின்ன எல்லாரையும் கூப்பிடப் போவதாகச் சொன்னீர்கள். எங்களை நீங்கள் கூப்பிடவில்லை, கூப்பிட உங்களுக்கு வாய் வரவில்லை என்று எனக்குத் தெரியும். நாங்கள் வருகிறோம். நான் தோரணம் பின்ன வரவில்லை. உங்கள் பெரிய மாமி, சுமித்திரா, நிஷாந்தன் அண்ணை, மாமா, எல்லாரும் இருக்கவேண்டும். மச்சாளையும் போனில் எடுத்து வையுங்கள். அவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை, இவ்வளவுதானே என்று சொன்னாலும் பரவாயில்லை. எனக்கு நிற்க ஒரு இடம் விடுங்கள்.

இன்று விடிய அவளிடம் கேட்டேன், நீயும் வருகிறாயா, இல்லை அப்பாவோடு நிற்கிறாயா என்று. என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் என்று நினைத்துத்தான் கேட்டேன். தலைமயிரைப் பின்னிக்கொண்டிருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாறன். ஆனா உங்களோட நிக்கமாட்டன். முன்னால கதிரையில இருந்து கேக்கிறன்."

நிரோஜா